கைரா பார்த்தது

நெத்ரோமா, அல்ஜீரியா
9 நவம்பர் 1984

அன்புள்ள கைரா அக்காவுக்கு,

இறைவன் அருளால் நீயும் மொக்தார் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரான்சில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா காலையில் மாவுக்கடை, மாலையில் பள்ளிவாசல் என்று வழக்கம்போல இருக்கிறார்.

இதற்குப் பதிலை வீட்டு முகவரிக்கு எழுதாதே. வரும் கடிதம் யாருக்கு வந்தாலும் அப்பா பிரித்து, சாப்பிடும்போது எல்லோருக்கும் கேட்கப் படிப்பார் என்பது உனக்குத் தெரியும். என் வகுப்புத் தோழி பத்ராவின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களைக் கதவின் அடியில் துணியைச் செருகி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அப்பா இருமினால் பேனாவை மூடிவிடுவேன். அதனால் வரிகள் கோணலாக இருக்கும்.

வியாழக்கிழமை ஓரானிலிருந்து மன்சூரியா அத்தையும் மாமாவும் வந்தார்கள். ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். பாத்திஹா ஓதும் குரலும் பிறகு எல்லோரும் ஆமீன் சொல்வதும் கேட்டன. இறந்துபோன யாருக்கோ ஓதுகிறார்கள் என்று நினைத்து நானும் கையேந்தி ஆமீன் சொன்னேன் அக்கா. பிறகுதான் அத்தை, நிச்சயத்துக்குக் கொண்டுவரும் சர்க்கரைக் கூம்புகளோடு அடுக்களைக்குள் வந்தார்.

"என்ன மருமகளே, இன்னும் பட்டாணியா உரிக்கறே? கையை அலம்பிட்டு வா, மருதாணி வெக்கணும்."

"யாருக்கு அத்தை கல்யாணம்?"

அத்தை அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா யமீனா, யாருக்குக் கல்யாணமாம். எனக்குத்தான்டி. உங்க மாமாவை வித்துட்டு வேற ஆளைப் பார்த்திருக்கேன்."

அந்தப் பாத்திஹா எனக்கும் அத்தை மகன் ஹுவாரிக்கும்தான், பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த கோடையில், எனக்குப் பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். இறுதித் தேர்வை எழுதிக்கொள்ளலாமாம். அதற்கு மேல் படிப்பு இல்லை. ஓரானில் மருந்தியல் படிக்க வேண்டும் என்று நான் முன்பே அப்பாவிடம் சொன்னபோது, "அங்க உனக்கு யாரு இருக்கா? தனியா விடுதியில விட்டுட்டு நான் இங்க தூங்கணுமா?" என்று கேட்டார். இப்போது ஓரானுக்குத்தான் போகப் போகிறேன், அத்தையின் அடுக்களைக்கு.

ஹுவாரியை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. என் பல்லைப் பார்த்து முயல் என்று கூப்பிட்டான். அவ்வளவுதான் எனக்கு அவனைப் பற்றித் தெரியும்.

பயமாக இருக்கிறது. உனக்கும் இதே வயதில்தானே ஆயிற்று. எப்படி இருந்தது என்று எழுது.

உன் கைகளுக்கு முத்தங்கள்.
வசீலா

—

ரூபே
14 டிசம்பர் 1984

என் கண்ணான வசீலாவுக்கு,

உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் சலாம். நான் நலம். மொக்தார் உனக்குச் சலாம் சொல்லச் சொன்னார். அம்மாவின் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து விடு.

எப்படி இருந்தது என்று கேட்டாய். முதலில் அழுகை வரும். பிறகு வேலை வரும். வேலை இருந்தால் அழுவதற்கு நேரம் இருக்காது. இங்கே ஒரு சலவைக்கூடத்தில் விரிப்புகள் மடிக்கிறேன், வெதுவெதுப்பாக இருக்கிறது.

மன்சூரியா அத்தையைக் கண்டு பயப்படாதே. வாய்தான் பெரிது. நீ பிறந்தபோது அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். பிழைப்பாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை தன் கைக்குழந்தை அமாரியாவைத் தூக்கிக்கொண்டு வந்து நம் வீட்டிலேயே தங்கிவிட்டார். உங்கள் இருவரையும் ஒரே பாயில் போட்டு வளர்த்தார். அவர் இல்லையென்றால் நீ இல்லை.

தேர்வுக்கு நன்றாகப் படி. மற்றவற்றை இறைவன் பார்த்துக்கொள்வான்.

உன் அக்கா,
கைரா

—

நெத்ரோமா
11 ஜனவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. நீயும் சுகம்தானே? மொக்தார் அத்தான் சலாம் சொன்ன வரிக்கு மேலே ஒரு வரியைக் கறுப்பாக அடித்திருந்தாய். வேண்டாமென்று அடித்ததை நான் கேட்கக்கூடாது. ஆனாலும் கேட்கிறேன், எல்லாம் சரிதானே?

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். மார்க்க வகுப்பில் ஆசிரியர் பால்குடி உறவைப் பற்றிச் சொன்னார். ஒரு குழந்தைக்கு இன்னொரு தாய் பால் கொடுத்துவிட்டால் அவள் அதற்கும் தாய். அவள் பிள்ளைகள் எல்லாம் அதற்கு உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் ஆகாது. நாம் பின்பற்றும் மாலிகிச் சட்ட வழியில் ஒரு மிடறு போதும் என்றார்.

பத்ரா எழுந்து, "அப்ப இந்த ஊர்ல பாதிப் பேர் பாதிப் பேருக்கு அண்ணன் தங்கச்சிதான் சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்து காது அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அம்மா, கைக்குழந்தையில நான் என்ன குடிச்சேன்?"

"என்ன குடிச்சே, என் உயிரைக் குடிச்சே. போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

இரவு தலை வாரிவிடும்போது மறுபடி கேட்டேன். "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லடி. கண்ணைத் தொறந்தப்ப நீ கொழுகொழுன்னு இருந்தே. உங்கப்பா ஆடு வாங்கிக் கட்டியிருந்தாரு. ஆட்டுப்பால்னு உங்கத்தை சொன்னா" என்றாள்.

உனக்கு அப்போது எட்டு வயது. நீ வீட்டில்தான் இருந்தாய். அத்தை எனக்குப் பால் கொடுத்ததைப் பார்த்தாயா? ஒரே ஒரு தடவையாவது?

காத்திருக்கும்,
வசீலா

—

ரூபே
20 பிப்ரவரி 1985

வசீலாவுக்கு,

சலாம். நலம், நீங்கள் நலமா? இங்கே பனி. தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது.

நீ கேட்டது கடிதத்தில் எழுதும் விஷயம் இல்லை. ஒரு வார்த்தையில் இரண்டு வீடு உடையும். எட்டு வயதில் நான் பார்த்தது நிறைய. அதில் எது பார்த்தது, எது பிறகு பெரியவர்கள் பேசிக் கேட்டது என்று பிரிப்பது சுலபம் இல்லை. இதைப் பற்றி வேறு யாரிடமும் பேசாதே.

ஹுவாரி கெட்டவன் என்று யாராவது சொன்னார்களா? ஏன் இவ்வளவு பயம்?

கைரா

—

நெத்ரோமா
1 மார்ச் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை உன் கடிதத்தில் மொக்தார் அத்தானின் சலாம் இல்லை.

யாரும் ஹுவாரியைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. நல்லவன் என்றும் சொல்லவில்லை. நில அளவை அலுவலகத்தில் வேலை, நல்ல சம்பளம் என்கிறார்கள். அளவெடுக்க அத்தை தையற்காரியோடு வந்திருந்தார். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மூச்சை விடுடி, கல்யாணத்தன்னிக்கும் மூச்சு விட்டுத்தானே ஆகணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கொல்லைப்புறம் போய், உனக்கு எழுத வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டேன்.

நீ பார்த்தாயா இல்லையா என்று இனிமேல் கேட்க மாட்டேன். பார்க்கவில்லை என்றாலும் பார்த்தேன் என்று எழுது. அப்பாவுக்கு நேராக எழுது. நீ மூத்தவள், உன் பேச்சை நம்புவார்கள். அத்தை எனக்குப் பால் கொடுத்தார் என்று ஒரே ஒரு வரி. அந்தப் பாவம் என்னுடையது, மறுமையில் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ எழுதாவிட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை.

வசீலா

—

நெத்ரோமா
7 ஏப்ரல் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாயிற்று, உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பத்ரா தினமும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள்.

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு முறை கிழித்துப் போட்டேன்.

வசந்த விடுமுறையில் ஹுவாரி வந்தார். பக்கத்து ஊரில் நிலம் அளக்க வந்தவர் இங்கே தங்கினார். அம்மா அறைவாசலில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன்.

"உன்னைக் கேட்டாங்களா?" என்றார்.

"எதை?"

"சம்மதமான்னு."

"இல்ல."

"என்னையும் கேக்கல. ஒரு நாள் ஆபீஸ்ல இருந்து வந்தேன், வீட்ல சர்க்கரைக் கூம்பு அடுக்கி இருந்துச்சு. யாருக்கும்மா கல்யாணம்னு கேட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவரும் சிரித்தார். "முயல்னு சொன்னதுக்கு இன்னும் கோபமா?" என்று கேட்டார். வேண்டாமென்றால் தானே அத்தையிடம் பேசி நிறுத்திவிடுவதாகச் சொன்னார். என் மீது பழி வராதாம். நான் மருந்தியல் படிக்க வேண்டும் என்றேன். "படி. காலையில நானே பல்கலைக்கழக வாசல்ல விட்டுட்டுப் போறேன். எங்கம்மா ரெண்டு நாள் கத்துவாங்க. மூணாவது நாள் என் மருமக மருந்துக்காரின்னு தெருவுக்கே சொல்வாங்க" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா. சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "தேநீர் ஆறிடும்" என்று சொன்னேன்.

அவர் போன பிறகு வீடு முன்பு இருந்ததுபோல இல்லை. என்ன மாறிவிட்டது என்று தெரியவில்லை. ரசாயனப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் நிற்கிறேன். பயம் போய்விட்டதா என்று பார்த்தால், இருக்கிறது. ஆனால் வேறு பக்கத்திலிருந்து வருகிறது.

போன கடிதத்தில் கேட்டதை மறந்துவிடு. அப்பாவுக்கு எதுவும் எழுதாதே. நீ நிஜமாகவே பார்த்திருந்தாலும் எழுதாதே. இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும்.

வசீலா

—

லீல்
19 மே 1985

என் கண்ணான வசீலாவுக்கு,

சலாம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. வீடு மாறிவிட்டேன், புதிய முகவரி மேலே இருக்கிறது. பழைய முகவரிக்கு இனி எழுதாதே. நான் மட்டும் இருக்கும் சிறிய அறைதான், ஆனால் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

மார்ச் மாதம் நீ எழுதியதை இத்தனை நாளும் கைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்று அப்பாவுக்கு எழுதி, இதோடு சேர்த்தே தபாலில் போடுகிறேன். நான் எழுதியது இதுதான். அம்மா மயங்கிக் கிடந்த ஒரு நாள் விடியற்காலை, ஆட்டுப்பால் திரிந்துபோயிருந்தது. நீ அழுது அழுது குரல் போய்விட்டது. அத்தை அமாரியாவைப் பாயில் விட்டுவிட்டு உன்னை எடுத்தார். தோளில் பச்சைத் துண்டு போட்டிருந்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன்.

இனி உன்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. படி. உன் வாழ்க்கை உன் கையில் இருக்கட்டும். என்னால் முடியாதது உனக்காவது முடியட்டும்.

உன் அக்கா,
கைரா

—

நெத்ரோமா
14 ஜூன் 1985

அக்கா,

சலாம். அம்மா சுகம், அப்பாவும் சுகம். நோன்பு முடியப் போகிறது. அடுத்த வாரம் தேர்வு.

ஏப்ரலில் நான் எழுதியது உனக்குக் கிடைக்கவே இல்லை என்று உன் கடிதத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். ஓடி வீட்டுக்கு வந்தேன். அதற்குள் உன் கடிதம் அங்கேயும் வந்துவிட்டது. நோன்பு திறந்து சூப்பைக் குடித்த பிறகு அப்பா வழக்கம்போலச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். உன் சலாம், குளிர், அம்மாவின் முழங்கால் எல்லாம் படித்தார். பிறகு ஆட்டுப்பால் என்று படித்தார். பச்சைத் துண்டு வரைக்கும் படித்த பிறகுதான் தான் என்ன படிக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நெடுநேரம் கழுவினார்.

அப்பா தொலைபேசியில் சொல்ல, மறுநாள் அத்தையும் ஹுவாரியும் வந்தார்கள். பள்ளிவாசல் இமாமையும் அப்பா அழைத்திருந்தார். அத்தை வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"எவ சொன்னது? பிரான்ஸ்ல உக்காந்துட்டு எங்க வீட்டு மானத்தை வாங்கறாளா? அவளுக்கு அப்ப மூக்கு ஒழுகறதைத் துடைக்கத் தெரியுமா?"

இமாம் மெதுவாகக் கேட்டார். "நீங்க கொடுக்கலைன்னு உறுதியாச் சொல்லுங்கம்மா, போதும்."

அத்தை வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

"இல்லவே இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். பஸ் முழுக்க அதையேதான் சொல்லிட்டு வந்தேன். இவ மூஞ்சியைப் பார்த்தா வாய் வரலையே. ரெண்டு குழந்தை, நான் ஒருத்தி. இருட்டுல எது கத்துச்சோ அதை எடுத்தேன். எதை எடுத்தேன்னு இத்தனை வருஷம் கழிச்சுக் கேட்டா நான் எங்க போவேன்?"

"பச்சைத் துண்டு இருந்துச்சா, மன்சூரியா?" என்று அம்மா கேட்டாள்.

"இருந்துச்சு போல. பச்சையா, நீலமா. அட, எல்லார் வீட்லயும்தான் துண்டு இருந்துச்சு."

சந்தேகம் வந்த இடத்தில் நிக்காஹ் ஓத மாட்டேன் என்று இமாம் சொல்லிவிட்டார். அத்தை முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஹுவாரி நடையில் நின்றிருந்தார். போகும்போது, "பரீட்சைக்கு நல்லாப் படி" என்றார். எப்போதும்போலச் சொல்ல முயன்றார், முடியவில்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் இரக்கத்தோடு பார்க்கிறார்கள்.

அக்கா, ஒன்றே ஒன்று சொல். நீ பார்த்தாயா? அல்லது நான் எழுதச் சொன்னதை எழுதினாயா? துண்டின் நிறம்வரை எழுதியிருக்கிறாய். பார்த்தவள்தான் அப்படி எழுத முடியும் என்று ஒரு நிமிடம் தோன்றுகிறது. நம்ப வைக்க நினைப்பவளும் அப்படித்தான் எழுதுவாள் என்று மறு நிமிடம் தோன்றுகிறது. அவரை அண்ணன் என்று நினைக்க முயல்கிறேன், நெஞ்சு ஒப்பவில்லை. ஹுவாரி என்று நினைத்தால், அண்ணனாக இருந்தால் என்ன செய்வது என்று பதறுகிறேன். தூக்கம் இல்லை.

தயவுசெய்து சொல்.

வசீலா

—

லீல்
20 ஜூலை 1985

வசீலாவுக்கு,

சலாம். தேர்வு முடிவு வந்ததா? அம்மா என்ன சொல்கிறாள்? இங்கே வெயில், ஜன்னலில் புதினா வைத்திருக்கிறேன். சலவைக்கூடத்தில் என்னை மேற்பார்வைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் பழைய வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்தாள். ஜூன் கடிதம் வந்த அதே வாரம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். பிறகு வேலைக்குப் போகவில்லை.

உன் வயதில் நான் எழுதிய கடிதம் எதுவும் இல்லை, ஏனென்றால் எனக்கு எழுத யாரும் இல்லை. நீ வேண்டாமென்று கதறியதைப் படித்தபோது நான் கதறியதுபோல இருந்தது. ஹுவாரியோடு நீ சிரித்ததாக எழுதியதை அப்போது நான் படித்திருக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் நீ அதை வைத்துக்கொண்டு வாழ வேண்டும். நிஜம் என்றால் ஒரு வாழ்க்கை, பொய் என்றால் இன்னொன்று. பொய் என்றாலும் இனி யார் நம்புவார்கள், யார் ஓதி வைப்பார்கள் என்று யோசி. இன்னும் ஒரு முறை கேள், சொல்லிவிடுகிறேன். கேட்பதற்கு முன் பொறுமையாக யோசி.

கைரா

—

ஓரான், மாணவியர் விடுதி
27 செப்டம்பர் 1985

அன்புள்ள கைரா அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நான் சுகம். மேலே உள்ள முகவரியைப் பார்த்தாயா? தேர்வில் தேறிவிட்டேன். மருந்தியலில் இடம் கிடைத்துவிட்டது.

அப்பா எப்படி விட்டார் என்று கேட்பாய். ஹுவாரி நெத்ரோமாவுக்கு வந்தார். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்காமல் நேராக உள்ளே வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தார். "மாமா, ஓரான்ல அவளுக்கு யாரு இருக்கான்னு கேட்டீங்களாம். அண்ணன் இருக்கேன். சட்டப்படி, மார்க்கப்படி. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கறேன். அவளோட பயணம் போகவும் எனக்கு உரிமை இருக்கு. இமாமையே கேளுங்க."

அப்பா அம்மாவிடம், "அவளோட பெட்டியை எடு" என்றார்.

பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். திலெம்சென் நகரம் தாண்டியதும், "கைரா நல்லா இருக்காளா?" என்று கேட்டார். "நல்லா இருக்கா" என்றேன். "அவளுக்கு நல்ல ஞாபகசக்தி" என்றார். கேள்வியாகக் கேட்டாரா, சும்மா சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை எழுதச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட நினைத்தேன். நடத்துனர் சீட்டு கேட்டு வந்தார். அதன் பிறகு சொல்ல முடியவில்லை.

விடுதிக் காப்பாளர் அம்மாள் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "யாரு இது?"

"அண்ணன்" என்றார் ஹுவாரி.

"அதானே பார்த்தேன். மூக்கு அப்படியே இருக்கே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வாங்க, வாசல்லதான் நிக்கணும்."

அவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பாக இல்லை.

இங்கே ஒளிந்து எழுத வேண்டியதில்லை. அறையில் இருக்கும் இன்னொரு பெண் விளக்கை எரியவிட்டே தூங்குகிறாள். ஆனாலும் யாரோ இருமுவதுபோலத் தோன்றினால் பேனாவை மூடுகிறேன்.

இன்னும் ஒரு முறை கேட்டால் சொல்வதாக எழுதியிருந்தாய். கேட்கத்தான் இதைத் தொடங்கினேன். நாளை மறுநாள் முதல் வகுப்பு. அதற்கு முன் தெரிந்துகொண்டால் மனம் நிற்கும் என்று நினைத்தேன். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. அசர் தொழுகை முடிந்ததும் கீழே வாசலில் அவர் வந்து நின்றார், கையில் ஆரஞ்சுப் பழங்களோடு. அண்ணன் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் படியிறங்கும்போது தலையைச் சரிசெய்துகொண்டிருக்க மாட்டேன். பொய் என்று தெரிந்திருந்தால் இறங்கியே போயிருக்க முடியாது, அப்பாவை நினைத்து, அத்தையை நினைத்து. எதுவும் தெரியாததால் போனேன். பேசினோம். பழத்தை வாங்கிக்கொண்டேன். அடுத்த வெள்ளியும் வருவார்.

அதனால் கேட்கவில்லை அக்கா. உன் அறைக் கதவில் தாழ்ப்பாள் ஏன் வேண்டியிருந்தது என்பதையும் நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்.

குளிர் தொடங்குவதற்குள் நல்ல காலுறை வாங்கிக்கொள். எனக்கு எழுது, இந்த முகவரிக்கே எழுது. எதை வேண்டுமானாலும் எழுது, அதை மட்டும் எழுதாதே.

உன் தங்கை,
வசீலா